புழுதி விதைப்புக்காரர் கேட்ட கேள்வி



உத்தரகோசமங்கையில் திருவாதிரைக் கூட்டம். ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராசரை மார்கழியில் அந்த ஒரே ஒரு நாள் காப்பு களைந்து காட்டுவார்கள். அதைக் காண வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனது தரிசனத்துக்கு அல்ல, கிளைக் கூட்டத்துக்கு. கூட்டத்துக்கு நேரமிருந்தது. தேநீர்க் கடை பெஞ்சில் இடமும் இருந்தது. உட்கார்ந்தேன்.

யாரோ ஒருவரது கைப்பேசி வானிலைச் செய்தி படித்தது. "ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்ய வாய்ப்பு உள்ளது" என்றது.

"அந்த ஓரிரு இடம் எங்கிட்டு இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் காட்டலை!" என்றார் எதிரே இருந்த விவசாயி. கடை முழுதும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த துண்டின் நிறம் என் ஊரைச் சொல்லாவிட்டாலும் என் வேலையைச் சொல்லியிருக்கும் போலும்.

"ஏண்ணே, நாளைக்கு எந்த ஊர்ல மழைன்னு சொல்லத் தெரியாதவுக, இன்னும் அம்பது வருசத்துல கடல் ஏறும், காத்து கொதிக்கும்ங்குறாக. இதை நீங்களும் நம்புறீகளா?"

மீண்டும் சிரிப்பு. சிரித்தவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டவரை மடையர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. படித்தவர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எதையும் ஏன், எப்படி என்று கேள் எனக் கற்றுக்கொடுத்து வளர்ந்த நாம், கேட்டவனையே ஏளனம் செய்யலாமா? அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குரிய பதிலும் அவர் வயலிலேயே கிடக்கிறது.

ராமநாதபுரத்துக் கரிசல்காரர் எப்படி விதைக்கிறார்? புரட்டாசி பிறந்தால் போதும். மேகம் ஒன்று கண்ணில் படாத நாளிலும், மண் பொடிப்பொடியாய்ப் பறக்கும்போதே, புழுதி விதைப்பாக நெல்லை விதைத்துவிடுகிறார். மழை எந்தத் தேதியில் வரும் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. எந்தப் புஞ்சையில் முதல் தூறல் விழும் என்று தெரியுமா? அதுவும் தெரியாது. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள் என்று தெரியும். அப்பனும் பாட்டனும் கண்ட ஐப்பசிகளின் சராசரி அவர் நெஞ்சில் இருக்கிறது. அந்தச் சராசரியை நம்பித்தான் வீட்டிலிருக்கும் விதைநெல்லை வெறும் புழுதியில் கொட்டுகிறார்.

நாளைய மழை வேறு. ஐப்பசியின் குணம் வேறு. முன்னதை வானிலை என்கிறார்கள். பின்னதைப் பருவநிலை என்கிறார்கள். முன்னது தெரியாமலே பின்னதை அறியலாம் என்பதற்கு அந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த மனிதரே சாட்சி. விஞ்ஞானிகள் இன்று சொல்வது, அந்த ஐப்பசியின் குணமே மாறிவருகிறது என்பதுதான். சராசரி நகர்ந்தால் முதலில் நட்டப்படுகிறவர் யார்? சராசரியை நம்பி விதைத்தவர்தானே!

நாளைய மழையைச் சொல்வதிலும் இவர்கள் அவ்வளவு மோசமா? கணக்கைப் பார்ப்போம்.

1864இல் கல்கத்தாவைப் புயல் அடித்துப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அடுத்து ஒரிசாவில் 1866இல் கொடிய பஞ்சம். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 1875இல், வெள்ளைக்கார சர்க்கார் இந்திய வானிலைத் துறையை நிறுவியது. ஏழையின் மீதுள்ள இரக்கமா, கப்பல் சரக்கின் மீதுள்ள கவலையா என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். சென்னையில் அதற்கும் முன்னரே, 1796 முதல், வானிலை குறித்து வைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுக்கு மேலான ஏடு அது. பாடம் ஒப்பிப்பதுபோல யாரோ சொன்னதை நம்பிச் சொல்கிற வேலையன்று. அளந்து எழுதி, எழுதியதைக் கூட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை.

நம் மாவட்டத்துக்கு 1964ஐ நினைவுபடுத்த வேண்டியதில்லை. டிசம்பர் 22 இரவு. இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. நூறு பேருக்கு மேல் இருந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலம் சிதைந்தது. அன்று இந்தியாவுக்கென்று வானிலையைப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்றுகூடக் கிடையாது. 1980களில்தான் இன்சாட் வந்தது. இன்று வங்கக் கடலில் ஒரு சுழற்சி பிறந்தால் அது எங்கே நகர்கிறது என்று மணிக்கு மணி பார்க்கிறார்கள். 1999இல் ஒரிசாப் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் அதே கரையில் பைலின் புயல் அடித்தபோது மாண்டவர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுசென்றதுதான் காரணம். சொன்னதை நம்பியதால் பிழைத்தவர்கள் அவர்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறும். மீனவர் குடும்பத்துச் சிறுவனுக்குக்கூட மூன்றாம் கூண்டு என்றால் என்னவென்று தெரியும். மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றாவது கூண்டுக்குப் பொருள் என்ன? பெரும் புயல் என்பதா? இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதே அதன் பொருள்! தனக்குத் தெரியாது என்பதையும் கொடிக்கம்பத்தில் ஏற்றி ஊருக்குச் சொல்கிற ஏற்பாடு. இப்படி ஒரு கூண்டு எந்தச் சோதிடர் வீட்டு வாசலிலாவது தொங்கிப் பார்த்ததுண்டா?

ஆனால் குறை இல்லாமலில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் நாளை எதிராளி சொல்லுவான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு முழுதும் பெய்யும் மழையே சுமார் 82 சென்டிமீட்டர்தான் என்றால் அதன் அளவை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வடிவதற்குள் மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் வாக்குவாதம். "முன்பே எச்சரித்தோம்" என்றது ஒரு தரப்பு. "இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே" என்றது மறு தரப்பு. இரண்டு பேச்சையும் கேட்ட மக்கள், மூன்றாவதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வானிலைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது!

உண்மையில் நடந்தது என்ன? ஒருநாள் மழை 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது 'அதி கனமழை'. வானிலைத் துறையின் ஏணியில் அதுதான் கடைசிப் படி. அதற்குமேல் படி கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். வெள்ளம் வந்த வீட்டுக்காரனுக்கோ, முதலாவது முழங்கால் தண்ணீர், இரண்டாவது கூரைத் தண்ணீர். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் சொல் ஏணியில் இல்லை. இதை எந்த அமைச்சரும் மேடையில் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் சண்டைக்குச் சரக்கு குறைந்திருக்கும்.

அடுத்த ஆண்டே, 2024 நவம்பர் 20 அன்று, ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அரை ஆண்டு மழை அரை நாளில்! தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தெருக்கள் குளமாயின. உள்நாட்டுப் பகுதியிலோ அதில் ஒரு சிறு பங்குதான். இங்கேதான் அந்த 'ஓரிரு இடம்' என்பதன் பொருள் விளங்குகிறது. சில மைல் அகலமுள்ள மேகக் கூட்டம் எந்த ஊர்மேல் நின்று கொட்டும் என்பதை முந்தைய நாளே விரல் வைத்துக் காட்ட உலகில் எவராலும் இன்னும் முடியவில்லை. ஆனால் கடல் சூடேறினால் கொட்டுவது கனமாகும் என்பதைச் சொல்ல முடியும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்குகிறது. சாக்கு பெரிதானால் நிறைவதற்கும் நாளாகிறது, அவிழும்போதும் ஒரேயடியாய்க் கொட்டுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாவது இப்படித்தான்.

இதெல்லாம் நேற்று முளைத்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதை டிண்டால் என்பவர் 1859இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். நிலக்கரியை எரிக்க எரிக்க உலகம் சூடேறும் என்று சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896இல் கையாலேயே கணக்குப் போட்டார். ஹவாய்த் தீவின் மலைமேல் கீலிங் என்பவர் 1958இல் காற்றை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்குக் காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. ஆயுத பூசைக்குக் கணக்குப் புத்தகம் எழுதுகிற கடைக்காரரும் மறுக்க முடியாத கூட்டல் இது.

ஆனால் அந்தத் தேநீர்க் கடையில் இன்னொரு குரலும் எழுந்தது; அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. "மழை ஏன் பொய்க்குதுன்னு எனக்குத் தெரியும்ணே. எல்லாம் இந்த வேலிக்கருவைதான். காத்துல உள்ள ஈரத்தைப் பூரா உறிஞ்சிப்புடுது" என்றார் ஒரு பெரியவர். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்!

பாருங்கள் விந்தையை. அளந்து சொன்னவனுக்குச் சிரிப்பு. அளக்காமல் சொன்னதற்குத் தலையாட்டல்.

சீமைக் கருவேலம் நல்ல மரமென்று வாதாட நான் வரவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். கண்மாய்க்குள் புகுந்தால் கண்மாயைக் கொல்லும். நிலத்தடி நீரைத் தேடி வேரை ஆழமாக இறக்கும். நம் மண்ணின் மரங்களை நெருக்கித் தள்ளும். அதெல்லாம் உண்மை. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடித்து மழையை விரட்டுகிறது என்பது உண்மையன்று. மரம் வேரால் நீரை எடுத்து இலையால் காற்றுக்குக் கொடுக்கிறது. போக்கு அந்தப் பக்கம்தான். நமக்கு மழை தருகிற மேகம் வங்கக் கடலில் உருவாகிப் பல ஆயிரம் அடி உயரத்தில் வருகிறது. முள்மரம் அதை மறித்து நிறுத்த முடியுமானால் 2024இல் ராமேசுவரம் ஏன் மூழ்கியது?

2017இல் இந்த மரம் நீதிமன்றமே ஏறியது. மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் அதை வேரோடு அகற்றும்படி கண்டிப்பான உத்தரவுகள் போட்டது. ஊர் ஊராகப் பொக்லைன் உறுமியது. அதே ஆண்டில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு அதை இடைக்காலமாக நிறுத்திவைத்து, அறிந்தவர்களின் கருத்தைக் கேட்டது. கேட்கவேண்டியதைக் கேட்குமுன் வெட்டத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் அந்த ஆண்டின் கதை.

இதில் உழைப்பாளிக்கு ஒரு சங்கதி இருக்கிறது. நம் மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களுக்கு அந்தக் கருவையை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி? மூட்டத்தின் புகையில் கண் எரிய நின்றவனைக் கேளுங்கள். மரத்தைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். கண்மாயின் வரத்துக்காலை வளைத்துப் போட்டவன், மடையைத் தூர்த்து மனை போட்டவன், கரம்பை என்ற பெயரில் மண்ணை அள்ளி விற்றவன், எல்லோரும் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். பிழையான காரணம் அறியாமை மட்டுமன்று, பலருக்கு அது வசதியும்கூட.

விஞ்ஞானிகளும் தம் பங்குக்கு எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டுகிறவர்கள்தாம் என்று ஒரு பேச்சுண்டு. மன்னார் வளைகுடாவுக்குப் போவோம். கணக்கில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு இன்று தண்ணீருக்குள். கடல்மட்டம் உயர்ந்ததால் மூழ்கின என்று சொன்னால் பத்திரிகைக்கு நல்ல தலைப்பு. ஆனால் ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல்லாண்டு பவளப் பாறையை வெட்டி எடுத்ததால் தீவின் அரண் போயிற்று, அலை கரைத்துவிட்டது என்றார்கள். 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதே கடலில் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்துச் செத்தபோது, இது கடல் சூடானதால் என்று அதே ஆட்கள்தான் சொன்னார்கள். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாகப் பிணப் பரிசோதனை. இப்படிப் பிரித்துச் சொல்கிறவன் வாயை நம்பலாமா, எதற்கும் ஒரே மருந்து விற்கிறவன் வாயை நம்பலாமா?

தவறியதும் உண்டு. 2007இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு, இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று அறிக்கையில் எழுதிவிட்டது. ஆதாரமற்ற வரி. பனியாறுகளை ஆராய்கிறவர்களே பிடித்துக் காட்டினார்கள். 2010 சனவரியில் குழு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. உலகமெங்கும் எள்ளி நகையாடினார்கள். நகையாடட்டும், அந்தத் தவறு நகைக்கத் தக்கதுதான். ஆயிரம் பக்க அறிக்கையில் ஒரு வரி பிழை என்று சமாதானம் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிழை பிழைதான். பிடித்ததும் திருத்தினார்கள் என்பதை மட்டும் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

இனி, சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. நம் விவசாயியின் சந்தேகம் சொந்தச் சந்தேகம், வயலில் விளைந்தது. ஆனால் உலகச் சந்தையில் இறக்குமதிச் சந்தேகமும் விற்கிறது. அதைச் செய்து விற்கும் தொழிலே ஒன்றிருக்கிறது.

முதலில் தொடங்கியவர்கள் சிகரெட் முதலாளிமார். புகைத்தால் புற்றுநோய் என்று மருத்துவர்கள் நிறுவிய பிறகு, அதைப் பொய்யென்று மெய்ப்பிக்க அவர்களால் முடியவில்லை. மெய்ப்பிக்கத் தேவையுமில்லை என்று கண்டுகொண்டார்கள். மக்கள் மனத்தில் ஐயம் இருந்தால் போதும், அந்த ஐயமே தங்கள் விளைபொருள் என்று அமெரிக்காவின் பிரௌன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் எழுதியே வைத்தார்கள். பிற்காலத்தில் அது வெளியே வந்தது.

எண்ணெய்க் கம்பெனிகள் அதே பாட்டையில் நடந்தன. எக்சான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் கரியும் எரிப்பதால் உலகம் சூடேறுகிறது என்று 1977இல் மேலிடத்துக்கே எடுத்துச் சொன்னார். அவர்களது ஆராய்ச்சிப் பிரிவு அடுத்த சில ஆண்டுகளில் போட்ட கணக்கு, பின்னர் நடந்ததோடு பெரிதும் ஒத்துப்போகிறது. வெளியே மக்களிடம் என்ன சொன்னார்கள்? இன்னும் நிச்சயமில்லை, விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்றார்கள். 1989இல் கம்பெனிகள் கூடிச் சங்கமே வைத்து, கட்டுப்பாடு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டன. தொழிலாளி சங்கம் வைத்தால் குற்றம். இந்தச் சங்கத்தை யாரும் தடைசெய்யவில்லை.

அதே 1989இல் இன்னொன்றும் நடந்தது. ஷெல் கம்பெனி வடகடலில் ஓர் எரிவாயு மேடையைத் திட்டமிட்டது. கடல்மட்டம் உயரும் என்பதைக் கணக்கில் எடுத்து, மேடையை ஒன்றிரண்டு மீட்டர் உயர்த்தி வடிவமைத்தார்கள். வெளியே ஐயம் பேசிய அந்தத் தொழில், சொந்தச் சொத்து என்றதும் ஐயப்படவில்லை. அந்த மேடையில் நின்றுகொண்டு நம் தனுஷ்கோடி மீனவனைப் பார்த்து, "பயப்படாதே, இன்னும் நிரூபணமாகவில்லை" என்றால் எப்படி இருக்கும்!

எனவே ஐயப்படுவதை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஐயத்தால் யாருக்கு லாபம் என்று கூட ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன்.

நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஆள் வேண்டும். நாளைய மழை பற்றிய தகவலை விவசாயிக்குப் புரியும் மொழியில் சொல்ல, நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை வைத்தார்கள். 2024 தொடக்கத்தில் 199 பிரிவுகளை ஒரே உத்தரவில் மூடினார்கள். ஏதோ சில கோடி மிச்சம். மேலே செயற்கைக்கோள் சுற்றுகிறது, கீழே அதைச் சொல்ல ஆளில்லை என்றால், அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார்? வாட்சப்பில் வதந்தி அனுப்புகிறவர்தான் உட்காருவார்.

இதையெல்லாம் அந்தத் தேநீர்க் கடையில் நான் இவ்வளவு வரிசையாகச் சொல்லிவிடவில்லை. பாதி சொன்னேன், பஸ் ஹாரனில் பாதி போயிற்று. புழுதி விதைப்பைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிப்பதை நிறுத்தி, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரிண்ணே, நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். ஐப்பசி மாறுதுங்குறாகள்ல? அப்ப விதையை நான் புரட்டாசியில போடவா, தள்ளிப் போடவா? போன வருசம் முளைச்சது காஞ்சு, திருப்பி விதைச்சேன். விதைநெல்லுக்கே கடன். அதைச் சொல்லச் சொல்லுங்க, நம்புறேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பாம்பனின் பதினொன்றாம் கூண்டு நினைவுக்கு வந்தது. அன்றிரவு கிளைக் கூட்டத்தில் அவர் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதி, ஊராட்சிக்கு ஒரு மழைமானியும் மாவட்டத்துக்கு வேளாண் வானிலை ஆளும் வேண்டுமென்ற கோரிக்கையோடு தீர்மானமாக்கினோம். நகல் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறது.